நிற்கக் கூடாத தட்டு

எனக்குக் கோபம் மூக்கு நுனியில் இருக்கிறது என்று என் புருஷன் பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லித் திரிவார். இருக்கட்டும். அவரோடு குடும்பம் நடத்தினால் எந்த மூக்குக்கும் அது வரும்.

அவர் கிரேன் ஓட்டுபவர். கட்டுகிற கட்டிடத்தைவிட உயரமாக ஒன்று நிற்குமே, அந்தக் கிரேன். உச்சியில் ஒரு கண்ணாடிக் கூண்டு, அதற்குள் ஒரு நாற்காலி, இரண்டு கைப்பிடி, அவர். நான் அதே இடத்தில் தரையில் நிற்கும் சிக்னல்காரி. அவ்வளவு உயரத்திலிருந்து கீழே நடப்பது சரியாகத் தெரியாது. நான் வாக்கி டாக்கியில் சொல்லச் சொல்ல அவர் சுமையைத் தூக்குவார், திருப்புவார், இறக்குவார். வாக்கியில் புருஷன் பெண்டாட்டி மரியாதையெல்லாம் கிடையாது. அங்கே அவர் 'மேல', நான் 'கீழ'. "மேல, தூக்கு. மெதுவா. இன்னும் மெதுவா. நிறுத்து." வீட்டில் "ஏங்க, கொஞ்சம் நகருங்களேன்" என்று நாலு தடவை கெஞ்சினாலும் அசையாத மனுஷன், வாக்கியில் நான் மெதுவா என்று சொன்னால் இரும்பு விட்டத்தை முட்டையை வைக்கிற மாதிரி கொண்டுவந்து வைப்பார். இந்த ஒரு சுகத்துக்காகவே நான் அந்த வேலையை விடவில்லை.

அங்கே ஒரு விதி உண்டு. நிறுத்து என்று யார் சொன்னாலும், என்ஜினியர் சொன்னாலும் சரி, பெருக்குகிற அம்மா சொன்னாலும் சரி, கிரேன் அந்த நொடியே நிற்க வேண்டும். ஏன், எதற்கு என்பதையெல்லாம் அப்புறம் கேட்டுக்கொள்ளலாம். இத்தனை வருஷத்தில் அவர் அதை ஒருநாளும் மீறியதில்லை.

இன்னொரு வழக்கமும் இருந்தது. அது எந்த விதியிலும் இல்லை, ஆம்பளைகளின் வாயில் மட்டும் இருந்தது. கூண்டுக்குப் போக கிரேனின் உடம்புக்குள்ளேயே ஏணி. ஏறுகிறவன் மூச்சு வாங்கட்டும் என்று கிரேனைச் செய்தவனே நடுநடுவே இரும்புத் தட்டு வைத்திருக்கிறான். ஆள் தாராளமாக உட்காரலாம். ஆனால் எந்த ஓட்டுநரும் அதில் உட்கார மாட்டார், நிற்கக்கூட மாட்டார். காலையில் கீழே டீ குடிக்கிற கூட்டம் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருக்கும். நிற்காமல் ஏறினால் விசில் பறக்கும். நின்றால் தொலைந்தான். முன்பு ஒருத்தர் காய்ச்சலோடு ஏறி, ஒரே ஒரு நாள் நடுத்தட்டில் உட்கார்ந்துவிட்டார். "பல்லி ஒட்டிக்கிச்சுடா" என்று எவனோ கத்தினான். அன்றிலிருந்து அவர் பெயர் பல்லி. கொஞ்ச நாளில் ஏணியே வேண்டாம் என்று, தரையில் சக்கரத்தில் ஓடுகிற சின்னக் கிரேனுக்கு மாறிக்கொண்டார். அங்கேயும் பல்லிதான்.

என் புருஷனுக்கு நெஞ்சு அடைத்த அன்று காலையில் ஏறும்போதே பாரமாகத்தான் இருந்திருக்கிறது. மூன்றாவது தட்டைத் தாண்டும்போது இடது கை மரத்திருக்கிறது. நின்றாரா? விசிலை வாங்கிக்கொண்டு மேலே போய் உட்கார்ந்தார். நான் ஒரு சிமெண்ட் சுவரைக் கொக்கியில் மாட்டித் தூக்கச் சொன்னேன். அது அந்தரத்தில் இருக்கும்போது வாக்கியில் அவர் மூச்சு கேட்டது. மூச்சு என்று சொல்லக்கூடாது, இரைச்சல். "கீழ, இதை உடனே இறக்கணும். சொல்லு" என்றார். சொன்னேன். மெதுவா, மெதுவா, இன்னும் கொஞ்சம், நிறுத்து. சுவர் தரையைத் தொட்டது, கொக்கி தளர்ந்தது. அதற்கப்புறம் மேலேயிருந்து பதிலே இல்லை. அவரைத் தூக்குப்படுக்கையில் வைத்துக் கயிற்றில் இறக்கிக் கொண்டுவரும்வரை நான் அந்த வாக்கியைப் பிடித்துக்கொண்டு "மேல, மேல" என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தேனாம். எனக்கு நினைவில்லை.

ஆஸ்பத்திரியில் கண் விழித்ததும் என்னிடம் என்ன சொன்னார் தெரியுமா?

"மூணாவது தட்டுலயே புடிச்சிருச்சு. ஆனா நான் நிக்கலையே!"

பெருமை! நர்ஸ் மட்டும் பக்கத்தில் இல்லாமல் இருந்திருந்தால் அந்தக் கையில் ஏறிக்கொண்டிருந்த குளுக்கோஸ் பாட்டிலாலேயே நான் ஒரு போடு போட்டிருப்பேன்.

டாக்டரம்மா நிதானமாகத்தான் சொன்னார். "மறுபடி ஏறலாம், யாரும் வேண்டாம்னு சொல்லல. ஆனா நாளாகும். இப்போதைக்குத் தெரு முனை வரைக்கும் நடங்க. முடியாத அன்னிக்குப் பாதியில திரும்பிடுங்க. ஒரு நாள் விட்டா விட்டதுதான், அதுக்காக வருத்தப்படாதீங்க, மறுநாள் நடங்க. போன மாசத்தைவிட இந்த மாசம் கொஞ்சம் கூட முடியுதா, அது போதும்." இவரும் நல்ல பிள்ளையாகத் தலையாட்டினார். வெளியே வந்து ஆட்டோவில் உட்கார்ந்ததும் ஆரம்பித்துவிட்டார். "தெரு முனையாம்! நான் எவ்வளவு உயரம் ஏறுற ஆளு. என்னைப் போய்..."

கம்பெனியில் சேஃப்டி சாரும் நியாயமாகத்தான் நடந்துகொண்டார். வருஷம் முடிவதற்குள் என்றைக்காவது ஒரு நாள் அவர் கண் முன்னால் கூண்டுவரை ஏறி இறங்கிக் காட்ட வேண்டும். அதுவரை வேறு ஆள் ஓட்டுவார். முடியவில்லை என்றால் ஸ்டோர் ரூமில் சாவி பார்க்கிற வேலை. அந்தக் கடைசி வரி மட்டும்தான் என் புருஷனின் காதில் விழுந்தது. கூண்டில் இருந்த ஆளை ஸ்டோர் ரூமில் போட்டால் அவர் செத்துப்போவார் என்று எனக்கும் தெரியும். அதற்காக இப்போதே சாகக் கிளம்பினால் எப்படி?

கிளப்பிவிட்டது என் கொழுந்தன். அதே இடத்தில் கம்பி கட்டுகிறான். கையும் காலும் முறுக்குக் கம்பிதான், மண்டைக்குள்ளும் அதுதான். ஒரு நாள் வந்து, ஏறுகிற படியை எண்ணுகிற ஆப் ஒன்றை அண்ணன் போனில் ஏற்றினான்; திறந்தால் ஒரு சிங்கப் பொம்மை நிற்கும்.

"அண்ணே, முப்பது நாள். முப்பதே நாள். தினமும் நேத்தைவிடக் கூடுதலா படி ஏறணும். முடிச்சா இந்தச் சிங்கம் கர்ஜிக்கும் பாருங்க."

"ஒரு நாள் முடியலன்னா?" என்று நான் கேட்டேன்.

"முடியலன்னா சைபர், அண்ணி. மறுபடி முதல்லேருந்து. அப்பத்தான் வெறி வரும்."

"உனக்கு வெறி வரட்டும், அவருக்கு எதுக்கு?"

யார் கேட்டார்கள். நாங்கள் இருப்பது ஐந்தாவது மாடி. லிஃப்ட் ஒன்று இருக்கிறது, நினைத்தால் ஓடும். மறுநாளே மனுஷன் படியேற ஆரம்பித்துவிட்டார். கொஞ்ச நாள் சிங்கம் கர்ஜித்தது. எனக்குச் சமையலறைக்குள் அந்தச் சத்தத்தைக் கேட்டாலே பற்றிக்கொண்டு வரும். அப்புறம் இவருக்குச் சளி பிடித்தது. இரண்டு நாள் படுத்தார். போனைத் திறந்தால் சிங்கம் காலை நீட்டிப் படுத்துக்கொண்டு கண்ணீர் விடுகிறது. சைபர். எழுந்து முதலிலிருந்து ஆரம்பித்தார், முன்னைவிட வேகமாக. கெண்டைக்கால் பிசகியது. மறுபடி சைபர். போகும் தூரமெல்லாம் போய்விட்டு ஒவ்வொரு முறையும் வாசற்படியில் வந்து நின்றார். ஒவ்வொரு சைபருக்கும் முகம் இன்னும் கொஞ்சம் செத்தது. சாப்பாடு குறைந்தது, பேச்சு குறைந்தது. படுத்திருக்கிற அந்தச் சிங்கத்தையே வெறித்துப் பார்த்துக்கொண்டிருப்பார்.

ஒரு மத்தியானம் வேலை முடிந்து காய்கறிப் பையோடு ஏறி வருகிறேன். நான்காவது மாடித் திருப்பத்தில் கைப்பிடிக் கம்பியைக் கட்டிக்கொண்டு நிற்கிறார். முகத்தில் ரத்தமே இல்லை, சட்டை தொப்பலாக நனைந்திருக்கிறது. ஒரு கையில் போன்.

"இன்னும் ஒரு மாடிதான்," என்றார். "விட்டா சைபராயிடும்."

பையை அங்கேயே போட்டேன். தக்காளி படியில் உருண்டு ஓடியது. அவரைப் பிடித்து உட்காரவைத்து, மாத்திரையை நாக்குக்கு அடியில் வைத்து, முகம் தெளிகிற வரைக்கும் முந்தானையால் விசிறினேன். தெளிந்ததும் போனைப் பிடுங்கி அந்தச் சிங்கத்தை அழித்தேன். கொழுந்தனைக் கூப்பிட்டு உடனே வா என்றேன். வந்தான். இருவரையும் அந்தப் படியிலேயே பக்கத்தில் பக்கத்தில் உட்காரவைத்துக் கேட்டேன்.

"காத்து பலமா அடிச்சா கிரேனை என்ன பண்ணுவீங்க?"

இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"கேக்கிறேன்ல?"

"நிறுத்துவோம்," என்றார் இவர்.

"நிறுத்தினா யாராவது சிரிக்கிறாங்களா?"

"காத்துக்கு யார் என்ன பண்ண முடியும்? அதுக்கு ஏன் சிரிக்கணும்?"

"சரி. காத்து நின்னதும், மறுநாள் வந்து, நேத்து வேலை நடக்கலைன்னு சொல்லி இதுவரைக்கும் கட்டின மாடியெல்லாம் இடிச்சுத் தள்ளிட்டு அஸ்திவாரத்துலேருந்து ஆரம்பிக்கிறோமா?"



"ஆரம்பிக்கிறோமாடா?" இது கொழுந்தனுக்கு.

"இல்ல அண்ணி."

"அப்ப இவரு உடம்பு என்ன இளப்பமா? அந்தக் கட்டிடத்துக்கு இருக்கிற மரியாதை இதுக்கு இல்லையா? ஏங்க, ஒரு சுவரைத் தூக்கும்போது நேரா உச்சிக்கா கொண்டு போறீங்க? ஒரு சாண் தூக்கி நிறுத்தி, கட்டு சரியா இருக்கா, பிரேக் புடிக்குதான்னு பாத்துட்டுத்தானே மேல போறீங்க? கல்லுக்கும் கம்பிக்கும் இருக்கிற பொறுமை உங்களுக்கு உங்க மேல இல்லையே!"

கீழ்வீட்டுக்காரர்கள் கதவைத் திறந்து பார்த்தார்கள். பார்க்கட்டும்.

அன்றைக்கு ஒரு ஏற்பாடு போட்டோம். அவர் சம்மதித்தார் என்று சொல்ல மாட்டேன், வாயைத் திறக்கவில்லை, அவ்வளவுதான். கூண்டைப் பற்றி இப்போது பேச்சே கிடையாது. இந்த மாதம் இரண்டு மாடி, மீதிக்கு லிஃப்ட். அது லேசாகிவிட்டால் அடுத்த மாதம் மூன்று. இரண்டு மாடிக்கு ஒரு தரம் கட்டாயம் உட்கார வேண்டும், முடிந்தாலும் சரி, முடியாவிட்டாலும் சரி. உடம்பு ஒத்துழைக்காத அன்றைக்கு 'இன்னிக்குக் காத்து' என்று சொல்லிவிட்டு இறங்கிவிடலாம். கணக்குக் கேள்வி கிடையாது.

இரண்டாவது மாடித் திருப்பத்தில் ஒரு பிளாஸ்டிக் ஸ்டூல் போட்டேன். அதில் உட்காருவதற்கு அவர் பட்ட வெட்கம்! யாராவது படியேறி வந்தால் உடனே போனைக் காதில் வைத்துக்கொண்டு "ஆமா சார், சொல்லுங்க சார்" என்பார். எதிர்முனையில் ஒரு சாரும் கிடையாது. இளைப்பாறுகிறார் என்று எவனும் நினைத்துவிடக் கூடாதாம். எனக்குச் சிரிப்பும் வந்தது, எரிச்சலும் வந்தது. காத்து என்ற வார்த்தையையும் ஒருநாளும் அவர் வாயால் சொன்னதில்லை. கண்ணெல்லாம் சொருகி நிற்பார், பல்லைக் கடித்துக்கொண்டு நிற்பார், அப்போதும் நான்தான் சொல்ல வேண்டும். "இன்னிக்குக் காத்துங்க. இறங்குங்க." முறைத்துவிட்டு இறங்குவார்.

ஒரு வாரம் நன்றாக இருக்கும். அடுத்த வாரம் ஒன்றுமே நடக்காது. மழை விடாமல் பெய்த நாட்களில் மூட்டு வலி என்று ஒரு மாடியோடு சரி. மூன்று மாடியில் நின்றவர் திரும்ப இரண்டுக்கு வந்தார், அங்கேயே வெகுநாள் கிடந்தார், பிறகு எப்போது மூன்று நான்கானது என்று எங்களுக்கே தெரியவில்லை. ஒரு நாள் கதவைத் தட்டினார். திறந்தேன். கீழேயிருந்து ஐந்து மாடி ஏறி வந்திருக்கிறார், வாயை மூடிக்கொண்டு மூக்கால் மூச்சு விடுகிறார். எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. "செருப்பை வெளியிலேயே விடுங்க, இப்பத்தான் துடைச்சேன்" என்று கத்திவிட்டு உள்ளே போய்விட்டேன்.

ஒருவழியாக டாக்டரம்மாவும் சரி என்றார். சேஃப்டி சார் நாள் குறித்தார். முதல் நாள் இரவு சாப்பிடும்போது திரும்பத் திரும்பச் சொன்னேன். இரண்டு தட்டுக்கு ஒரு தரம் உட்காரணும். நம்ம படி மாதிரியே. சரியா? "சரி" என்றார். சோற்றுத் தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னார். அப்போதே எனக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

காலையில் கிரேன் அடியில் கூட்டம். கம்பி கட்டுகிறவர்கள், கொத்தனார்கள், மேஸ்திரி, எல்லார் கையிலும் டீ. கொழுந்தன் முன்வரிசையில், விரலை வாயில் வைத்து விசிலுக்குத் தயாராக. ஓரமாகப் பல்லி அண்ணன்.

"நேரம் பாக்கப் போறதில்ல," என்றார் சேஃப்டி சார். "மேல போகணும், பத்திரமா வரணும். இன்னிக்கு முடியலன்னா இன்னொரு நாள்."

பெல்ட்டை மாட்டிக்கொண்டு, மார்பில் வாக்கியைச் செருகிக்கொண்டு ஏறினார். நன்றாகத்தான் ஏறினார். ஒவ்வொரு காலாக, அவசரமில்லாமல். முதல் தட்டைக் கடந்தார். கைதட்டினார்கள். இரண்டாவது தட்டு வந்தது. உட்காருவார் என்று பார்த்தேன். ஒரு கணம் தயங்கினார்.

"நிக்காத அண்ணே! போ!" என்று கொழுந்தன் கத்தினான். விசில் அடித்தான். கூட்டமே அடித்தது.

அவர் உட்காரவில்லை. போனார்.

எனக்கு வந்த கோபத்தில் கண் இருட்டியது. இத்தனை மாதம்! அந்த ஸ்டூல், அந்த மழை, அந்த முறைப்பு எல்லாம் நாலு பேர் விசிலுக்கு முன்னால் போயே போய்விட்டது. மூன்றாவது தட்டையும் தாண்டினார். தாண்டியதும் இடது கையை ஏணியிலிருந்து எடுத்து உதறினார். இரண்டு தடவை உதறினார். கூட்டத்தில் யாருக்கும் அது ஒன்றுமில்லை. எனக்கு அந்தக் கை தெரியும்.

பொத்தானை அழுத்தினேன்.

"மேல, நிறுத்து."

நின்றார். ஏணியில் ஒரு கால் மேலே வைத்திருந்தார், அதுவும் அப்படியே நின்றது.

"ஏறி அடுத்த தட்டுல உட்காரு."

உட்கார்ந்தார். காலைத் தொங்கப்போட்டுக்கொண்டு, கம்பியில் தலையைச் சாய்த்துக்கொண்டு.

"அண்ணி, என்ன பண்றீங்க!" என்று கொழுந்தன் பாய்ந்து வந்தான். "இப்பத்தானே சூடு புடிச்சது!" அவனுக்குப் பின்னால் எவனோ "பல்லி!" என்று கத்தினான். எல்லாரும் சிரித்தார்கள். நான் திரும்பினேன். பல்லி அண்ணன் டீ கிளாஸைப் பிடித்துக்கொண்டு தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். எத்தனை வருஷமாகவோ அப்படியே பார்த்துக்கொண்டிருப்பவர் மாதிரி. அதைப் பார்த்ததும் எனக்குள் என்னவோ அறுந்துவிட்டது.

"எவன்டா அது? முன்னால வா! அந்தத் தட்டை அங்க அழகுக்கா வச்சிருக்கான்? ஆள் உட்காரத்தான்டா வச்சிருக்கான்! அன்னிக்கு மூணாவது தட்டுல இவருக்குக் கை மரத்துப்போச்சு. உட்கார்ந்திருந்தா கீழே வந்திருப்பார். உங்க விசிலுக்குப் பயந்து மேல போனார். கயித்துல கட்டி இறக்கினீங்களே, அப்ப எங்கடா போச்சு இந்த விசில்? ஒருத்தன் வாயிலேருந்தாவது வந்துச்சா? காய்ச்சலோட உட்கார்ந்த மனுஷன் பேரையே அழிச்சீங்க. இப்ப என் புருஷனா? அவர் உட்காருவார். நாள் முழுக்க உட்காருவார். இஷ்டம் இருந்தா படுத்துத் தூங்குவார். எவனாவது வாயத் தொறந்தா அவனை நானே கொக்கியில மாட்டித் தொங்கவிடுவேன்!"

கட்டிடத்தின் ஒவ்வொரு மாடியிலிருந்தும் தலைகள் எட்டிப் பார்த்தன. அப்போதுதான் கவனித்தேன், வாக்கியின் பொத்தானிலிருந்து விரலையே எடுக்கவில்லை. எல்லார் வாக்கியிலும் கேட்டிருக்கிறது. மேலேயும்.

விரலை எடுத்தேன். கொஞ்ச நேரத்தில் அவர் பொத்தானை அழுத்தினார். மூச்சு மட்டும் வந்தது. வேகமாக, பிறகு கொஞ்சம் குறைந்து, பிறகு இன்னும் கொஞ்சம் குறைந்து. நான் அதைக் கேட்டுக்கொண்டே நின்றேன். உச்சியில் கட்டியிருந்த சிவப்புக் கொடி துவண்டு தொங்கிக்கொண்டிருந்தது.

"கீழ," என்றார்.

"சொல்லு, மேல."

"இன்னிக்குக் காத்து."

கொழுந்தன் அண்ணாந்து கொடியைப் பார்த்தான். "காத்தா? எங்க அண்ணி காத்து? ஒண்ணுமே அசையலையே!"

"வாயை மூடு" என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை.

"மேல, இறங்கு. மெதுவா."

இறங்கினார். வருகிற வழியில் ஒவ்வொரு தட்டிலும் உட்கார்ந்தார். தேவைப்பட்டு உட்கார்ந்த மாதிரி தெரியவில்லை. கூட்டத்தை நேராகப் பார்த்துக்கொண்டு, காலை ஆட்டிக்கொண்டு உட்கார்ந்தார். போனைக் காதில் வைக்கவில்லை. ஒருவனும் விசில் அடிக்கவில்லை, சிரிக்கவுமில்லை. முதல் தட்டுக்கு வந்தபோது பல்லி அண்ணன் நடந்துபோய் ஏணி அடியில் நின்று, அவர் தரையில் காலை வைத்ததும் தன் டீயை நீட்டினார். இவர் வாங்கிக் குடித்தார்.

சேஃப்டி சார் நாடி பார்த்தார், தலையை ஆட்டினார். "பரவாயில்ல. மறுபடி எப்ப ஏறுறீங்க?"

அவர் இடது கையைத் தேய்த்துவிட்டுக்கொண்டே என்னைப் பார்த்தார். முறைக்கவில்லை.

"அதைக் கீழதான் சொல்லணும், சார்."

எல்லாரும் என் முகத்தைப் பார்த்தார்கள். எனக்கு அப்போதும் கோபம் அடங்கவில்லை. இரண்டாவது தட்டில் உட்காராமல் போனதற்கு வீட்டுக்குப் போய் ஒரு பாட்டம் திட்டுவது என்று முடிவு செய்து வைத்திருந்தேன். திட்டவும் செய்தேன். அங்கே மட்டும், அத்தனை பேர் நடுவில், வாக்கியை இடுப்பில் செருகிவிட்டு அவர் இடது கையைப் பிடித்துக்கொண்டேன்.

"முதல்ல ஆஸ்பத்திரிக்கு நடங்க," என்றேன். "மெதுவா."